முந்நூற்று நாற்பது கிராம் தங்கை

தங்கை இறந்த ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அக்கா அவளைத் தாளில் மடித்து ஒட்டி முடித்தாள். கடைசியாக ஒட்டிய இடது காது காய்ந்ததும் தங்கை எழுந்து உட்கார்ந்து, "என்னக்கா, தலை இப்படி நரைச்சிருக்கு?" என்று கேட்டாள். எடை முந்நூற்று நாற்பது கிராம். சமையலறைத் தராசில் நிற்க வைத்துப் பார்த்ததால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அக்காவுக்கு மாத்திரைக்கும் சோப்புக்கும் அட்டைப்பெட்டி வடிவமைக்கும் ஆபீசில் வேலை. எந்தப் பெட்டியையும் மனதுக்குள்ளேயே பிரித்துத் தட்டையாக்கி, எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது, பசை தடவ எங்கே ஓரம் விடுவது என்று இருபத்திரண்டு வருடமாகக் கோடு போட்டவள். சொன்ன சொல் மாறாதவள் என்று ஆபீசில் பெயர். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை தருவாள். அந்த நல்ல பெயர்தான் அவளைக் கெடுத்தது. பதினோரு வருடத்துக்கு முன் தங்கை ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, "அவனைக் கட்டினா நீ செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் யார்தான் என்னதான் சொல்வதில்லை? மற்றவர்கள் அடுத்த வாரமே மறந்துவிட்டுப் போய் நிற்பார்கள். இவள் மறக்கவில்லை. தங்கை ஆஸ்பத்திரியில் படுத்தபோது மெக்கானிக் மூன்று தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். பிறகு கழற்றி வைத்தாள். இறந்த அன்று அவர்கள் தெரு வரை போய், எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையில் கொஞ்ச நேரம் நின்று, தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த மாத்திரைப் பெட்டி அவள் வரைந்ததுதான்.

அவளிடம் இருந்தவை மூன்று ஆல்பங்கள். தங்கை தவழ்ந்ததிலிருந்து இருபத்தாறு வயது வரை எல்லாம் இருந்தது. முகத்துக்குப் பஞ்சமில்லை, முதுகுக்குத்தான் திண்டாட்டம். முதுகை யார் போட்டோ எடுக்கிறார்கள்? நல்லவேளையாக, "பின்னல் கோணலா இருக்கா, ஒரு போட்டோ எடுத்துக் காட்டுக்கா" என்று தங்கை என்றோ திரும்பி நின்றது ஒன்று அகப்பட்டது. போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, உருவமாகத் திரட்டி, அந்த உருவத்தைப் பெட்டியைப் பிரிப்பதுபோலப் பிரித்து, இருபத்தேழு பெரிய தாள்களில் அச்செடுத்தாள். பசை தடவும் ஓரங்கள் மட்டும் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. தங்கை பறந்துவிடாமல் இருக்க இரண்டு பாதங்களுக்குள்ளும் பழைய பூட்டுகளைப் போட்டிருந்தாள். மேலே சிரிப்புச் சத்தம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரி, தங்கையைப் பார்த்துவிட்டு, "ரொம்ப இளைச்சிட்டியேம்மா" என்று சொல்லி இறங்கிப் போனாள்.

போட்டோவுக்கு எவ்வளவு தெரியுமோ தாளுக்கும் அவ்வளவுதான் தெரியும். கடைசிப் போட்டோ, தங்கை கல்யாணப் பேச்சை எடுத்ததற்கு ஒரு வாரம் முந்தியது. ஆகவே அவளுக்குச் சண்டையும் தெரியாது, சாவும் தெரியாது. தினமும் காலையில், "அக்கா, ஒண்ணு சொல்லணும், கோபப்படக் கூடாது" என்று ஆரம்பிப்பாள். பிறகு, "சரி விடு, அப்புறம் சொல்றேன்" என்று நழுவிவிடுவாள். அக்கா பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் உண்டு.

தாள் தங்கை வந்த நான்காவது மாதம், கல்யாண விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"கட்டிக்கோடி. தாராளமா கட்டிக்கோ," என்றாள் அக்கா.

தங்கை குதித்த குதியில் முழங்கால் மடிப்பு ஒன்று கிழிந்தது. "நிஜமாவா? அப்ப அவரை எப்ப வரச் சொல்லட்டும்?"

இந்தக் கேள்வியை அக்கா எதிர்பார்க்கவில்லை. நல்ல வார்த்தையை அவள் சொன்னது, கெட்ட வார்த்தையைக் கேட்டே இராத ஒருத்தியிடம். கேட்டவள் வேறு, அவள் பதினோரு வருடம் அதைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்தத் தங்கையோ தினமும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்து, "இன்னிக்கு வருவாராக்கா?" என்றாள். எட்டாவது நாள் அக்கா லீவு போட்டுவிட்டு, மெக்கானிக் வீட்டு வாசற்படியை மிதித்தாள்.

தரைத்தளம். சுவரெல்லாம் ஓதம். பிரித்துப் போட்ட ஃபிரிட்ஜ்களிலிருந்து தண்ணீர் வடிந்து தரை நசநசவென்று இருந்தது. மனைவியின் அக்காவை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று பழகிக்கொள்ள மெக்கானிக்குக்குக் கடைசி வரை சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அதனால் வெறும் "நீங்க" என்றே பேசினார். அவள் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, ஒரு ஆல்பத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

"இதையும் சேர்த்தா அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிடும். அப்புறம் உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டா."

"தெரியும்."

அவர் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோவை உருவினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தங்கை கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு நாளும் இப்படித்தான் கதவையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. இது வேணாம்னா விட்டுடுங்க."

அவள் விடவில்லை. பழையதைப் பிரித்து, புதியதைச் சேர்த்து, முப்பத்தொன்பது தாள்களில் முப்பத்தேழு வயதுத் தங்கையைச் செய்து முடிக்க இருபது நாள் ஆயிற்று. எடை நானூற்றுப் பத்து கிராம். கண் திறந்த தங்கை அக்காவை வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

அக்கா அழுதாள், கெஞ்சினாள், காலைப் பிடித்தாள். காலுக்குள் பூட்டு குலுங்கியதே தவிர பதில் வரவில்லை. தங்கை நாற்காலியை உள்மூலைக்கு இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அக்கா பார்த்தது பெரும்பாலும் அந்தப் பின்னலைத்தான். அது மட்டும் பழைய போட்டோ.

ஓதம் ஏறிய வீட்டில் தாள் இரண்டு நாள் தாங்காது என்பதால் மெக்கானிக்கால் அவளை அழைத்துப் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வந்தார். வந்தால் தங்கை வாய் ஓயாமல் பேசுவாள், சிரிப்பாள். அக்கா டீயை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றுகொள்வாள். அந்தச் சிரிப்பைக் காது கொடுத்துக் கேட்பதற்காகவே வாரம் முழுக்க உயிரோடு இருப்பதுபோல இருந்தது அவளுக்கு. இப்படி ஆறு வருடம் போயிற்று. தங்கையின் தோள்கள் லேசாக மஞ்சளித்தன. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்பது தெருவில் எல்லாருக்கும் பழகிப்போன சங்கதி. எந்த வீட்டில்தான் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஏழாவது வருடம் ஒரு சாயங்காலம் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அக்காவுக்கு ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வந்தது நினைவு வந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய கோட்டுப் படங்கள் எல்லாம் அந்த ஜன்னல் ஓர மேஜையில்தான் இருந்தன. தங்கை இருந்த மூலைக்குச் சாரல் எட்டாது. இருந்தாலும் பயந்துபோய், நிறுத்தத்தில் இறங்கி நனைந்துகொண்டே ஓடி வந்தாள். ஜன்னல் சாத்திக் கொக்கி போட்டிருந்தது. படங்களில் ஒரு துளி இல்லை. தங்கை எப்போதும்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வலதுகையில் கட்டைவிரல் தவிர நான்கு விரல்களும் கூழாகத் தொங்கின.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு, விரல்களை மட்டும் புதிதாக அச்செடுத்து, வெட்டி, மடித்து, கீழே உட்கார்ந்து ஒட்டினாள். இரண்டு மணி நேர வேலை. தங்கை முகத்தைத் திருப்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டிக் கொடுத்திருந்தாள். பசை காய்ந்த பிறகும் அக்காவின் கையிலிருந்து அதை எடுத்துக்கொள்ளவில்லை.