இரண்டு அங்குல வாட்டம்

1

இந்தக் கதை பள்ளத்தூர் பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு கொத்தனார் பக்கத்து ஆளிடம், "தச்சரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மட்டும் தளம் போட்டுராதீக" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் இறங்கிவிட்டார். அந்த ஏனை நானே எழுதிப் பார்க்கிறேன்.

2

ஐப்பசி வானம் இருண்டு, கருமேகங்கள் திரண்டு... (வேண்டாம். தொடர்கதைப் பழக்கம்.)

செந்தாமரை வீட்டுக் கொல்லையில் போட்ட சிமெண்ட் தளத்துத் தண்ணீர் பக்கத்து வீட்டு மீனம்மாளின் பின்வாசலில் தேங்கியது. மீனம்மாள் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

"நீ புதுத் தளம் போட்டா, தண்ணி என் வாசலுக்குத்தான் வரணுமா? ஒத்தக் கைய வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்ய?"

அதுதான் கடைசிப் பேச்சு. பேரூராட்சிக்கு மனு போனது. செந்தாமரைக்கு மனு பெரிதில்லை. மதினி என்று அவள் கூப்பிடும் மீனம்மாள் பேசாததுதான் சோறு இறங்க விடவில்லை.

3

செந்தாமரையை முதலில் வாயாடியாக எழுதினேன். ஒட்டவில்லை. ஏனென்றால் அவளுக்கு ஒன்று தெரியும்.

தளம் போட்ட அன்று கொத்தனார் நூல் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். தெரு வாய்க்கால் பக்கம் நூல் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. தண்ணீர் ஓட அந்த வாட்டம் வேண்டும். மீனம்மாளின் கணவர் வீரப்பன் எட்டிப் பார்த்தார். தச்சர்.

"என்ன தங்கச்சி, நூலு சாஞ்சு கெடக்கு? கொத்தன் கண்ணு அம்புட்டுத்தான்."

உள்ளே வந்து, நூல் கட்டிய முளையை உயர்த்தி, ரசமட்டம் வைத்து நூலைச் சமமாக்கினார். (கதவுக்கு அது சரி. தளத்துக்கு ஆகாது. திரும்பி வந்த கொத்தனார் கவனிக்காமல் அந்த நூலுக்கே தளம் போட்டார்.) செந்தாமரை அவருக்கு மோர் கொடுத்தாள்.

4

பேரூராட்சியிலிருந்து வந்தவர் தளத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். அது வாய்க்கால் பக்கம் ஓடாமல், பரவி மீனம்மாள் வாசலுக்கு வழிந்தது.

"நூலை இப்படி யாரு வைக்கச் சொன்னது?"

வீரப்பன் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார். செந்தாமரை யோசித்தாள்: உண்மையைச் சொன்னால் மதினி தன்னோடு பேசுவாள், வீரப்பன் அண்ணனோடு பேசமாட்டாள். கை முறிந்த மதினிக்கு இப்போது தலை பின்னிவிடுவதே அவர்தான்.

"நாந்தான் சார்" என்றாள் செந்தாமரை.

"கேட்டீகளா? அவளே ஒத்துக்கிட்டா!" என்று மீனம்மாள் தன் கணவரிடம் சொன்னாள்.

5

மறுநாள் காலை செந்தாமரை தளத்தை உடைக்கத் தொடங்கினாள். சத்தம் கேட்டு வீரப்பன் கடப்பாரையோடு கிளம்பினார்.

"அங்குட்டு எதுக்குப் போறீக? செஞ்சவ உடைக்கட்டும்" என்றாள் மீனம்மாள்.

அவர் நின்றார். "மீனா..." என்றார்.

நான் எழுதிய முதல் முடிவில் அவர் எல்லாவற்றையும் சொல்கிறார். செந்தாமரையின் பொய் வீணாகிறது. அடித்துவிட்டேன். இரண்டாவதில் பேசாமல் போய் உடைக்கிறார். பழி அவள் தலையிலேயே நிற்கிறது. அதையும் அடித்துவிட்டேன். இரண்டு பெண்களுக்கும் வலிக்காத ஒரு வாக்கியம் இருக்கத்தான் வேண்டும். எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதுங்கள்.

சீக்கிரம். சுவருக்கு அந்தப் பக்கம் செந்தாமரை உடைப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள்.