நடுவில் ஒரு சாய்கோடு

1

என் பழைய கதை ஒன்றின் இணைப்பைத் தட்டினேன். ‘பக்கம் இல்லை’ என்று வந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் கதை காணாமல் போனால் யார் பதறப் போகிறார்கள்? அதனால் ஓர் அம்மாவைக் காணாமல் போக்குகிறேன். மன்னிக்க வேண்டும்.

2

ஜார்ஜ்டவுன் வானம் கறுத்துக்கொண்டு – (வேண்டாம். வானத்துக்கெல்லாம் இப்போது நேரமில்லை.)

மோகனராஜுக்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை. காலையில் கடை வாசலில் நின்றிருந்த அவர் அம்மா குணவதியைக் காணோம். மறதி நோய், வீடு எங்கே என்று சொல்லத் தெரியாது. ஊர்த் தமிழர் சங்கத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிரா உடனே அறிவிப்புப் போட்டாள். படமும் மோகனராஜின் தொலைபேசி எண்ணும் அந்தப் பக்கத்தில். வாட்ஸ்அப்பில் பரவியது இணைப்பு மட்டும்.

இரண்டரைக்கு மோகனராஜ் அழைத்தார். “அதிரா, லிங்க் திறக்கல லா! எல்லாரும் கேக்குறாங்க.”

“அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே.”

3

அடையாள அட்டையில் உள்ளபடியே தலைப்பு: குணவதி ஏ/பி பக்கிரிசாமி. ஏ/பி என்றால் மலாயில் ‘இன்னாரின் மகள்’; மகளுக்கும் தகப்பனுக்கும் நடுவே இந்த நாட்டில் நமக்கு அந்தச் சாய்கோடு உண்டு. தலைப்பிலிருந்து பக்கத்தின் இணைய முகவரியைச் செய்யும் நிரல் அதிரா எழுதியதுதான். இடைவெளி, புள்ளி, காற்புள்ளி எல்லாவற்றையும் சிறு கோடாக்கியவள் இதை விட்டுவிட்டாள். முகவரியில் சாய்கோடு வந்தால் அறைக்குள் அறை என்று அர்த்தம். கணினி குணவதி என்ற அறைக்குள் பக்கிரிசாமியைத் தேடிவிட்டுக் கையை விரித்தது.

(அதிராவின் பெயரிலும் அதே கோடு உண்டு. அவள் வேலை பார்க்கும் பிறை ஊர்த் தொழிற்சாலை அலுவலகத்தில் வெறும் ‘அதிரா பி’. அந்தப் பெயரைப் போட்டுத்தான் நிரலைச் சோதித்திருந்தாள். அவளைக் காப்பாற்ற இங்கே ஒரு சாக்கு தேடினேன், கிடைக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.)

4

சாய்கோட்டையும் சிறு கோடாக்கினாள். பழைய இணைப்பைத் தட்டினாலும் புதிய பக்கம் திறக்கும்படி செய்தாள். பிறகு, தட்டிவிட்டுப் பக்கம் திறக்காமல் திரும்பியவர்களின் நேரப் பதிவைப் பார்த்தாள். எல்லாரும் ஒருமுறை தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரே ஒரு கைப்பேசியிலிருந்து மட்டும் மதியம் 1:17, 1:18, 1:21 என்று மூன்று தட்டல்கள். சும்மா பார்க்கிறவர் மூன்று முறை தட்டமாட்டார்.

“அண்ணே, யாரோ அம்மாவ பார்த்திருக்காங்க.”

“யாரு? எங்க?”

“தெரியலண்ணே. நீங்க போனை வைங்க. லைன் பிஸியா இருக்கக் கூடாது.”

5

சுங்கை பாக்காப் பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைப்பு வருவதாக எழுதினேன். அடித்துவிட்டேன். குணவதி தானாகவே கடைக்குத் திரும்பி வந்து, மகனைப் பார்த்து – (நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

மோகனராஜ் போனை வைத்துவிட்டார். அதிரா பதிவைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறாள். நான்காவது தட்டலை என்னால் எழுத முடியாது. அந்த மூன்று முறையும் தட்டியது நீங்கள் என்றால், இன்னும் ஒருமுறை தட்டுங்கள். இப்போது திறக்கும்.