ஏழாம் நம்பர் லயத்து நாயின் நிழல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு ஜூன் மாதம், இலங்கை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஏழாம் நம்பர் லயத்து ராக்காயியின் நாய் ஜிம்மி களவு போனது. அதன் நிழல் மட்டும் வாசலில் கிடந்தது. ராக்காயிக்கு இரண்டு காதும் கேட்காது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்ததும் ஜிம்மிதான் அவள் சேலையைக் கடித்து இழுத்து எழுப்பும். பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. தொடர்ந்து பேர் விழாதவளுக்கு லயத்தில் குடியிருக்கக் காம்பராவும் கிடையாது. அந்த வருஷம் தோட்டந்தோறும் நாய்கள் காணாமல் போயின. அடையாளத்துக்குச் சிலர் நாயின் காதில் வெட்டு வைத்தார்கள், சிலர் கழுத்தில் தகரம் மாட்டினார்கள். கயிற்றை அறுக்கலாம், நிழலை அறுக்க முடியாது என்று யோசித்த ராக்காயி, கடைசியாக வெயில் அடித்த நாளில் ஜிம்மியின் நிழலில், தேயிலைச் செடி வெட்டும் பழைய கவ்வாத்துக் கத்தியை இறக்கினாள். கத்தி நிழலை நன்றாகவே பிடித்துக்கொண்டது. வந்தவன் நாயை மட்டும் கொண்டுபோனான்.

ஜிம்மி தெரியாத ஆளோடு போகாது. ஆகவே எல்லாரும் எல்லாரையும் சந்தேகித்தார்கள். அதனிடம் கடிபட்ட செல்லசாமி கங்காணியைச் சந்தேகித்தார்கள். கடிபடாத பக்கத்துக் காம்பரா சிவசாமியை அதைவிட அதிகமாகச் சந்தேகித்தார்கள். ஹட்டன் பொலிஸில் சிங்களத்தில் நிறம் கேட்டார்கள். ராக்காயி, கத்தியைப் பிடுங்கிச் சுருட்டிக் கொண்டுபோன நிழலை விரித்துக் காட்டினாள். கறுப்பு என்று எழுதிக்கொண்டார்கள். ஜிம்மி செவலை நிறம். ராக்காயி திரும்பி வந்து நிழலை மறுபடி வாசலில் கத்தியால் இறக்கினாள்.

நிழலில்லாத நாயைக் கண்டுபிடித்தால் போதும். ஆனால் மழையும் மூட்டமும் இறங்கிவிட்டதால் ஆறு மாதம் அந்த மலையில் யாருக்குமே நிழல் இல்லை. பெரட்டுக்குப் பிந்தாமலிருக்க ராக்காயி இரவெல்லாம் உட்கார்ந்தபடியே விழித்திருந்து பார்த்தாள். விடிகிற நேரத்தில் தூங்கிப்போனாள்.

"இன்னொரு வாட்டி பிந்தினா பேரை வெட்டிருவேன். காம்பராவ விட்டுட்டு போக வேண்டியதுதான்," என்றார் செல்லசாமி.

அவர் வாயசைவைப் பார்த்து அவள் சொன்னாள்: "நாயக் குடுங்க, நேரத்துக்கு வாரேன்."

"நானா எடுத்தேன்?"

"நீங்க எடுத்தீங்கன்னு நான் சொல்லலியே. ஏன் வேர்க்குது?"

ஜனவரியில் வெயில் வந்தது. பெரட்டுக் களத்துக்கு எல்லாரும் தத்தம் நாயைக் கூட்டி வந்து, அடுத்தவன் நாயின் காலடியைப் பார்த்தார்கள். எல்லா நாய்க்கும் நிழல் இருந்தது. அப்போது, லயத்து நாய்களுக்கெல்லாம் பழக்கமான பங்களா சமையல்காரன் கந்தப்பன், தோட்டத்துத் துரையின் மனைவி துரைசாணியின் புது நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனான். செவலை நாய். அதன் கீழே வெறும் தரை. நூற்றிருபது பேர் பார்த்தார்கள். நூற்றிருபது பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"மேகம் மறைச்சிருச்சி," என்றார் செல்லசாமி. ஒரு மேகமும் இல்லை.

ராக்காயி கத்தியைப் பிடுங்கி, நிழலைச் சுருட்டிக் கொழுந்துக் கூடையில் போட்டுக்கொண்டு பங்களாவின் பின்வாசலுக்குப் போனாள்.

"துரைசாணி நாய் செத்துப்போச்சி. நாய் இல்லாம அழுதுகிட்டே இருந்தாங்க. என் வேலை போயிருமில்ல?" என்றான் கந்தப்பன், அவளுக்குப் புரியும்படி கைகளை ஆட்டி.

"என் வேலை?"

"உனக்கு வேற குட்டி கொண்டாந்து தாரேன் ஆத்தா. இது இப்ப இறைச்சி தின்னுது, மெத்தையில படுக்குது."

அவள் கூடையைக் கவிழ்த்தாள். நாய் தன் நிழலை மோந்து பார்த்தது, அவளையும் மோந்து பார்த்தது, பிறகு குசினிக்குள் போய்விட்டது. நிழல் எழுந்து சற்று நேரம் வாசற்படியில் நின்றது. பிறகு திரும்பி வந்து ராக்காயியின் காலடியில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் தப்பு அடித்தபோது அது அவள் நிழலின் முந்தானையைக் கவ்வி இழுத்தது. அவள் எழுந்தாள். அறுபத்து நாலாம் வருஷம் வேலையிலிருந்து நிற்கும்வரை ஒருநாளும் பிந்தவில்லை. வெயில் நாட்களில் அவளுக்குப் பின்னால் இரண்டு நிழல்கள் போயின, ஒன்று இரண்டு காலில், ஒன்று நாலு காலில். பெரட்டில் அவளுக்கு ஒரு பேர்தான் போட்டார்கள்.