பெர்பெட்டுவாவின் காதுக்குப் பின்னால்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மாதா கோவில் மெழுகுவத்தி மேல் கை வைத்தே சத்தியம் செய்தாயிற்று. கை லேசாகச் சுட்டும் விட்டது.

இலோய்லோ நகரத்துப் பக்கம் வீடு வீடாகப் போய் முடி, முகம், நகம் பார்க்கிறவள் எர்லிண்டா. அவள் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அந்த வட்டாரத்தில் இதே வேலை பார்க்கும் பதினோரு பெண்கள் கூடி உட்கார்ந்து எழுதிய விதிகள். நான்காவது விதி இது: காதுக்குப் பின்னால் மிளகளவு சாயம் வைத்து, நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத் தோலைப் பார்த்த பிறகுதான் புருவத்தில் பூச வேண்டும். கடைசியாகப் பார்த்து ஆறு மாதம் தாண்டியிருந்தால் மறுபடி வைக்க வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது. கையெழுத்துப் போட்ட பதினோரு பேரில் பத்துப் பேர் வீடு போய்ச் சேருமுன் அதை மறந்துவிட்டார்கள்.

எழுபத்தாறு வயது பெர்பெட்டுவாவுக்கு அந்த நான்காவது விதியில்தான் உயிர். "பாக்காம பூசுறவளை என் வாசல்படி ஏற விடமாட்டேன்" என்பாள். ஒன்பது வருஷமாக அவள் புருவம் எர்லிண்டாவின் கையில்தான் கறுத்தது.

"இண்டாய், சின்னவளே, நான் செத்தா வெள்ளைப் புருவத்தோட அனுப்பிடாதடி. அந்த மனுஷன் போறப்போ எனக்குப் புருவம் கறுப்பு. இப்படியே போய் நின்னா, யாரு இந்தக் கிழவின்னு கேப்பான்."

"சரி மனாங்" என்று, மூத்தவளை அக்காவென அழைக்கும் அந்த ஊர் வழக்கில், எர்லிண்டா வாக்குக் கொடுத்திருந்தாள்.

எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெர்பெட்டுவா செத்துப்போனாள். மதியமே கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கூடத்தில் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அடக்கம். இரவெல்லாம் விழித்துக் காவலிருக்க வந்தவர்களுக்காக முற்றத்தில் சீட்டாட்டமும் காப்பியும் தொடங்கின.

எர்லிண்டா வந்ததும் ஒரு கிழவி அவள் கையைப் பிடித்தாள். "கண்ணாடி மேல கண்ணீர் விழுந்தா போற உயிர் நிம்மதியாப் போகாது, பாத்துக்கோ."

அதற்கு ஆபத்தே இல்லை. மெழுகு வைத்து முடி பிடுங்கும் முன் தடவும் மரப்புக் களிம்பை யாரோ அவளுக்குள்ளே தடவிவிட்ட மாதிரி இருந்தது. வாடிக்கையாளர் அட்டையை எடுத்தாள். கடைசிச் சோதனை நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூடியைத் திறந்து, காதுக்குப் பின்னால் மிளகளவு சாயம் வைத்தாள்.

மகன் ரொடெல் பார்த்துக்கொண்டே நின்றான். "என்ன மனாங் இது? அம்மா செத்துட்டாங்க."

"தெரியும் தம்பி. செத்தவங்களுக்கு விலக்குன்னு தாள்ல இல்லியே."

அட்டையில் வாடிக்கையாளரின் ஒப்புதல் கையெழுத்துக்கான இடத்தில், 'ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை' என்று எழுதினாள்.

வியாழக்கிழமை மதியம், நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்ததும் வந்து காதை மடக்கிப் பார்த்தாள். பெசோ நாணயம் அகலத்துக்குத் தோல் சிவந்து தடித்திருந்தது. ஓரத்தில் இரண்டு கொப்புளம் வேறு.

எர்லிண்டா சாயக்குழாயை மூடினாள். "ஒத்துக்கல. என்னால பூச முடியாது."

முற்றத்தில் சீட்டோடு உட்கார்ந்திருந்த ஜோசிலின், விதியை மறந்துபோன பத்துப் பேரில் ஒருத்தி, சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறியது. "செத்தவளுக்கு அரிக்குமாக்கும்! அரிச்சா எழுந்து சொறிஞ்சுக்கட்டும்! தள்ளு மனாங், அஞ்சு நிமிஷ வேலை."

"அம்மா ஆசைப்பட்டாங்களே மனாங்" என்றான் ரொடெல்.

"எங்கிட்டதான் சொன்னாங்க. பாக்காம பூசாதேன்னும் எங்கிட்டதான் சொன்னாங்க." எர்லிண்டா பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜோசிலின் பூசினாள். புருவம் கரேலென்று நன்றாகத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரொடெல் எர்லிண்டாவின் கதவைத் தட்டினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "மூடி மூட மாட்டேங்குது மனாங். அம்மாவுக்கு நெத்தி வீங்கிடுச்சு. பாதிரியார் ஒரு தடவை எட்டிப் பாத்தார். காப்பி குடிச்சுட்டு வரேன்னு போனவர் இன்னும் வரல."

"பச்சைத் தண்ணி, சுத்தமான துணி. ஜோசிலினை வீட்டுக்கு அனுப்பு."

பெர்பெட்டுவாவின் புருவங்கள் இரண்டு ரொட்டி வைத்த மாதிரி உப்பி, கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தன. எர்லிண்டா சாயத்தைக் கழுவி எடுத்தாள். கைக்குக் கைவேலை தெரிந்திருந்தது, மனசைக் கேட்கவில்லை. ஈரத்துணி வைத்தாள், எடுத்தாள், பிழிந்தாள், மறுபடி வைத்தாள். பத்து மணிக்குக் கண்ணாடி அரை விரல் இறங்கியது. பன்னிரண்டுக்கு மூடி பொருந்தியது. வீக்கத்தோடு சேர்ந்து கறுப்பும் போய்விட்டது. பஞ்சு மாதிரி இரண்டு வெள்ளைப் புருவம் மட்டும் மிஞ்சியது.

ரொடெல் பார்த்தான். பாதிரியாரைத் தேடிக்கொண்டு போனான்.

எர்லிண்டா அட்டையை எடுத்து, 'இனிச் சாயம் கூடாது' என்று எழுதித் தேதி போட்டாள். பிறகு குனிந்து அந்தக் காதருகே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"மனாங், வெள்ளையாத்தான் போறீங்க. அங்க போனதும் அவர் வாய் திறக்கறதுக்கு முந்தி நீங்க ரெண்டு திட்டு திட்டிடுங்க. குரலை வெச்சுக் கண்டுபிடிச்சுடுவார்."

கண்ணாடி காய்ந்தே இருந்தது. மூன்று மணிக்கு அடக்கம் முடிந்தது. நாலரை மணிக்கு வேறொரு வீட்டில் கால் நக வேலை இருந்தது. அதற்குப் போய், பத்து நகத்துக்கும் சிவப்புப் பூசினாள்.

ஊராட்சிப் பதிவேட்டின்படி அந்த வருஷம் அந்த ஊரில் யாரும் சாகவில்லை. ஆனால் பதிவேடு மெழுகுவத்தி மேல் கை வைத்துச் சத்தியம் செய்யவில்லையே.