ஆசிட் தொட்டிக்குள் மறுபடியும்

கர்ப்பம் என்று தெரிந்ததும் மிதுஷா மேலாளர் நல்லமுத்துவிடம் போய்ச் சொன்னாள். எப்பாக்சிப் பூச்சு, தின்னர் வாடையெல்லாம் பிள்ளைக்கு ஆகாது என்று அவர் அவளை சைட் வேலையிலிருந்து எடுத்து, செபராங் ஜெயா அலுவலகத்தில் உட்கார வைத்தார். நான்காம் மாதம் தொடங்கியபோது கரு கலைந்தது.

விடுப்பு முடிந்து அவள் வந்த காலையில் நல்லமுத்து மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"ஜுரு ஃபேக்டரியில ஒரு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கும்மா. வேற ஆள் இல்ல. இப்ப நீ... போகலாம்தானே?"

"போகலாம் சார்."

கேட்டுவிட்ட பிறகு அவர் முகம்தான் சுருங்கியது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்தத் தொழிற்சாலையில், ஆசிட் டேங்க் உடைந்தால் வழிவதைப் பிடித்துக்கொள்ள அதைச் சுற்றி கான்கிரீட் தொட்டி கட்டியிருந்தார்கள். வெறும் கான்கிரீட்டை ஆசிட் தின்றுவிடும். சிமெண்ட் கரைந்து மணலும் கல்லும்தான் மிஞ்சும். அதனால் உள்ளே தடிப்பாக எப்பாக்சி பூசியிருந்தது. ஊசித் துளை ஒன்று போதும், ஆசிட் இறங்கிவிடும். மின்சாரம் ஏற்றிய கம்பித் தூரிகையால் சுவர் முழுக்க வருடிப் பார்ப்பது மிதுஷாவின் வேலை. துளை இருந்தால் பொறி பறக்கும், கருவி கத்தும்.

மூலையில் கத்தியது. சாக்பீஸால் வட்டம் போட்டாள். பக்கத்திலேயே இன்னொன்று.

பூச்சு வேலை செய்யும் ஹைருல் ஏணியில் இறங்கி வந்தான். "அக்கா, குழந்தை பிறந்த பிறகுதான் வருவீங்கன்னு சொன்னாங்களே?" என்று மலாயில் சிரித்தபடி கேட்டான்.

"குழந்தை தங்கல," என்றாள் அவளும் மலாயில். "இந்த ரெண்டு இடத்தையும் தேய்ச்சிட்டு மறுபடி பூசணும்."

அவன் சிரிப்பு நின்றது. குந்தி உட்கார்ந்து, அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலை ஆயர் ஈத்தாமில் உள்ள வீட்டுக்கு வந்ததும் கணவன் கிஷன் அவள் சட்டையை மோந்து பார்த்தான்.

"ஜுருவுக்கா போன? ஏன் லா? ஆபீஸ்லயே இருக்கேன்னு சொல்லியிருக்கலாமே."

"அந்த வாடையாலதான் போச்சுன்னு நினைக்கிறியா? டாக்டர் அதனால இல்லன்னு சொல்லிட்டாரு."

"நான் அப்படிச் சொல்லல."

"தெரியும்."

கிஷன் அழ ஆரம்பித்தான். மருத்துவமனையிலும் அவன்தான் அழுதான். மிதுஷா அவன் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை வேறு யாருடையதோ போலிருந்தது. சற்று நேரம் கழித்து, "சாப்பாடு ஆறுது," என்றாள்.

ஒட்டுப் பூச்சு காய்ந்ததும் மறுபடி போய்ச் சோதித்தாள். கருவி எங்கேயும் கத்தவில்லை. ஹைருல் கட்டைவிரலை உயர்த்தினான். அவள் தலையசைத்துவிட்டு ஒயரைச் சுருட்டினாள்.

அடுத்த வாரம் ஆபீஸா சைட்டா என்று நல்லமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார். சைட் என்றாள். ஆபீஸில் எல்லோரும் அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். தொட்டிக்குள் அந்தத் தொல்லை இல்லை.

இதை அவள் சொன்னபோது கிஷன் அவள் சைட் சட்டையை வாளியில் ஊறப்போட்டான்.

"நல்ல மாஸ்க்கா கேட்டு வாங்கு," என்றான்.

"சரி," என்றாள் மிதுஷா.