நாலு நிமிஷப் பாட்டு

சாலைக் கடைத்தெருவில் என் வீடியோ லைப்ரரியில் நாலாயிரம் கேசட் இருந்த காலத்திலும், ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து கேட்டது ஒரே ஒரு பேய்ப் படத்தைத்தான். 'பத்தொன்பதாவது வளைவு'. 1981இல் பொன்முடி மலையில் எடுத்தது. தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத குப்பை. பேய் கட்டியிருக்கும் வெள்ளைச் சேலையில் சலவைக் குறி தெரியும். பேய் பறந்தால் கயிறு தெரியும், கயிற்றை இழுக்கிறவன் கையும் தெரியும். இதைப் போய் இருபது வருஷமாகப் பார்க்கிறார்களே என்று எனக்கு எரிச்சல்தான். ஆனால் அந்தப் படம் ஊரிலேயே என்னிடம் மட்டும்தான் இருந்தது. கேசட் போட்ட கம்பெனியையும் எப்போதோ மூடிவிட்டார்கள்.

இந்தக் கூத்துக்குத் தலைவன் ஹரிகுமார். செக்ரட்டேரியட்டில் கிளார்க். மழைக்காலம் வந்தால் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு இந்தப் படத்தை எடுத்துப் போவான். ஒவ்வொரு வசனமும் அவனுக்கு மனப்பாடம்.

"ஏ ஹரி, இதுல அப்படி என்னடே இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"லிங்கராஜ் அண்ணாச்சி, ஒங்களுக்கு அது மனசிலாகாது. பயப்படுத்தத் தெரியாமலே பயப்படுத்தப் பாக்குதுல்லா, அந்தப் பாவம் பேய். அத விட்டுட்டுப் போக மனசு வரல்ல, கேட்டோ," என்றான் மலையாளம் கலந்த தமிழில்.

2002இல் பைக்கை எடுத்துக்கொண்டு, படம் பிடித்த வளைவைப் பார்க்கவே பொன்முடிக்குப் போனார்கள். கிறுக்குப் பயல்கள். தேயிலை எஸ்டேட் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் புகுந்து, ஷூட்டிங் பார்த்தவர்கள் யார் யார் என்று விசாரித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் காலை ஒன்பது மணிக்கு ஒரு வயதான அம்மாள் என் கடைமுன் வந்து நின்றாள். மாடம்மாள் என்று பேர் சொன்னாள்.

"அண்ணாச்சி, எங்க எஸ்டேட்டுல எடுத்த படம் ஒங்ககிட்ட இருக்காமே? ஹரிகுமார்னு ஒரு புள்ள சொல்லிச்சி."

"இருக்கு. வீட்டுல கேசட் போட டெக் உண்டா?"

"டிவியே கெடையாது. இங்கனயே ஒருக்கா போட்டுக் காட்டுவீகளா? எம் மவ அதுல வாரா."

"பேயாவா?" என்று கேட்டுச் சிரித்தேன். என் வாய்க்கு அன்றைக்கே பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

"இல்ல, கொழுந்து கிள்ளுத பாட்டுல. மூணாவது வரிசை. கௌசல்யான்னு பேரு. பதினாறு வயசு அப்போ. காமிராவப் பாக்காதன்னு சொல்லியும் பாத்துச் சிரிச்சிட்டாளாம். படம் வந்தப்போ மஞ்சக்காமாலையில ஆசுபத்திரியில கெடந்தா. அதுலயே போயிட்டா. பொறவு எனக்குப் படத்தப் பாக்க மனசு வரல. போட்டோ ஒண்ணுகூட எடுத்து வைக்கல அண்ணாச்சி. இப்ப வயசாவுதுல்லா, மொகம் மறந்து மறந்து போவுது."

கேசட்டில் அந்தப் பாட்டு இல்லை.

அந்தப் பாட்டை ஒருத்தரும் பார்ப்பதில்லை. பேய்க்குப் போகிற அவசரத்தில் எல்லாரும் வேகமாக ஓட்டி விடுவார்கள். ஓட்டி ஓட்டி அந்த இடத்தில் டேப் கசங்கி, போகிற வீட்டு டெக்கில் எல்லாம் சிக்கிக்கொண்டது. ஒருநாள் கோபத்தில் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்த நாலு நிமிஷத்தை பிளேடால் அறுத்து எடுத்து, இரண்டு முனையையும் ஒட்டி விட்டேன். அப்புறம் சிக்கவே இல்லை. நல்ல கைவேலை என்று நானே மெச்சிக்கொண்டேன். அதற்கப்புறம் எட்டு வருஷத்தில் ஒருத்தன், அந்த ஹரிகுமார்கூட, பாட்டு எங்கே என்று கேட்கவில்லை.

இதை அந்த அம்மாளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் இல்லை. ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார வைத்து, கேசட்டைப் போட்டேன்.

அவள் முதுகு சாயாமல் உட்கார்ந்து பார்த்தாள். கதாநாயகனின் ஜீப் வளைவு ஏறியது. தேயிலைக் காடு தெரிந்ததும் முன்னால் குனிந்தாள். படம் ஒரு துள்ளுத் துள்ளி, நேராகப் பங்களாவும் பேயும் வந்தன. அவள் பயப்படவில்லை, சிரிக்கவுமில்லை. "இனிதான் வருமோ?" என்று மட்டும் இடையில் ஒரு தடவை கேட்டாள். நான் காதில் விழாததுபோல் கேசட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தது. அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"எங் கண்ணுதான் விட்டுட்டு போல. இன்னொருக்கா போடுவீகளா? கண்ண இமைக்காம பாக்கேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "யம்மா, ஒங்க கண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் அந்தப் பாட்ட வெட்டுனேன்," என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"வெட்டுன துண்ட என்ன செஞ்சீக?" என்றாள்.

எல்லா வீடியோக் கடைக்காரனும் செய்கிறதைத்தான் நானும் செய்திருந்தேன். பழைய டேப்பைக் கட்டிவிட்டால் காற்றில் பளபளத்து விர்ரென்று சத்தம் போடும், காக்காய் கிட்டே வராது. கடைக்கு மேல்தான் என் வீடு. மொட்டை மாடியில் கூழ்வற்றல் காயப்போடும் இடத்துக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கும் ஆன்டெனாக் கம்பத்துக்கும் நடுவே என் கையாலேயே அதைக் கட்டியிருந்தேன்.

ஓடிப்போய் அவிழ்த்து வந்தேன். மூன்று முழம்தான் மிச்சம். எட்டு வருஷ வெயிலும் மழையும் தின்று, பல இடங்களில் கறுப்பு உதிர்ந்து வெறும் கண்ணாடித்தாளாக இருந்தது. டெக்கில் போட்டால் ஒன்றும் வராது. அதையும் சொன்னேன்.

மாடம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வாசலுக்குப் போய், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"யம்மா, இதுல ஆளு தெரியாது. இது அந்தக் காலத்துப் பிலிம் இல்ல."

"சினிமாக் கொட்டாய்க்குப் பின்னால புள்ளைக பொறக்குன பிலிம் துண்டுல ஆளு தெரியுமே, அண்ணாச்சி."

"அது வேற, யம்மா. இது வேற."

"ஆனா இதுக்குள்ளதான இருக்கா?"

பொய் சொல்லவும் வழியில்லை. "ஆமா, இதுக்குள்ளதான் இருந்தா," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கடைசி முனைவரை பார்த்து முடித்தாள். பிறகு டேப்பைத் திருப்பிப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். பொன்முடிக்கு மத்தியானம் ஒரே ஒரு பஸ்தான். நேரமாகிவிட்டது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.