பட்டையில் எழுதியிருந்தது

...படிச்சுச் சொல்லுங்க என்று அந்த வாலு காலையில் பட்டைத் துண்டைக் கையில் திணித்ததே, அதில் ஒரு ‘அம்மா’ உண்டா, ஒரு ‘சித்தி’யாவது உண்டா, ஒன்றும் கிடையாது, வழக்கம்போல மொட்டைதான். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது, அவருடைய மகள் இன்னும் இவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பால் வேணுமாம், ரிப்பன் காணோமாம், எல்லாம் சுவரைப் பார்த்துத்தான் சொல்லும்... இன்றைக்குத்தான் முதல்முறையாக முகத்துக்கு நேராகப் பேசியது, அதுவும் என்ன பேச்சு! ‘எங்கம்மா நட்ட மரம், முந்தாநாள் ராத்திரி காத்துல கிளை விழுந்துடுச்சு, இதுல எங்கம்மா எழுதியிருக்காங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமாமே, படிச்சுச் சொல்லுங்க.’ ஏழு வயதுக்கு எத்தனை அதிகாரம் பாருங்கள். சாயந்தரம் சொல்றேன்டா கண்ணு என்று தப்பித்து ஓடிவந்தாயிற்று. இப்போது இவள் வேலை பார்க்கிற அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில், மேசை விளக்குக்குக் கீழே அந்தத் துண்டு கிடக்கிறது.

எழுத்து என்றால் எழுத்தேதான், குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது, சாம்பல் வெளுப்பில் கறுப்புக் கோடுகள், வளைந்து, கிளைத்து, டாக்டர் கிறுக்கிய மருந்துச் சீட்டு மாதிரி... ஆனால் இது லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். அந்தக் கறுப்புக் கோடுகள் பூஞ்சை தன் வித்துகளை வைத்திருக்கிற பிளவுகள். பாசிதான் வெயிலில் நின்று சமைத்துப் போடுகிறது, பெயர் என்னவோ பூஞ்சைக்கு மட்டும், இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? இலை மாதிரி விரிகிற வகையாக இருந்தால் நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம், இது அப்பளம் போலப் பட்டையோடு ஒட்டிப்போகிற வகை, பிரிக்க வராது, மரத்தையும் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும். குட்டியையும் அப்படித்தானே, அந்த மரம், அதை நட்டவள், கூடத்தில் மாட்டியிருக்கிற அவள் படம், எல்லாவற்றோடும் சேர்த்துத்தான்... தெரிந்துதானே சம்மதித்தாள், பின்னே என்ன.

எந்த வகை என்று பார்க்க அதன்மேல் காரக் கரைசல் ஒரு சொட்டு விட்டாள், பட்டை மஞ்சளானது. இந்த அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான், மஞ்சள் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள், சில லைக்கன்கள் சாவகாசமாக யோசித்து அப்புறம்தான் சிவக்கும். இவள் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள். அப்போது பார்த்து அடுத்த அறைப் பூச்சிக்காரர், வண்டுகளைக் குத்தி வைத்தே தலை நரைத்தவர், எட்டிப் பார்த்து என்ன மேடம் முகமே சரியில்லையே என்றார். அவரோட பொண்ணு சார், என்று விஷயத்தைச் சொன்னாள். “அட, குழந்தைதானே! ‘சமத்தா சாப்பிடு, உன்னை ரொம்பப் பிடிக்கும், இப்படிக்கு அம்மா’ன்னு ரெண்டு வரி படிச்ச மாதிரி சொல்லிடுங்க. காசா பணமா?”

காசும் இல்லை, பணமும் இல்லை, சொல்லிவிடலாம்தான்... சமத்தா சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, அப்புறம், அப்புறம், புதுசா வந்தவங்களையும் அம்மான்னு கூப்பிடு. ஐயோ, எங்கிருந்து வந்தது இந்த மூன்றாவது வரி? சீ, செத்துப்போனவள் வாயில் என் ஆசையைத் திணிப்பதா, அவளுக்கு மறுத்துப் பேசக்கூட முடியாதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் உண்மையைச் சொன்னால்? உங்கம்மா எழுதலடா, இது பூஞ்சை என்று எந்த வாயால் சொல்வது, இன்றைக்கு ஒருநாள் நிமிர்ந்து பார்த்த முகம் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டால்... மெதுவாக, ஓரத்திலிருந்து, சொட்டு சிவந்துகொண்டிருந்தது. சிவப்பு என்று எழுதினாள். கோடு ஒன்றைச் சவரத் தகட்டால் மெல்லச் சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு நுண்ணோக்கியில் வைத்தாள். வித்துகள் அறை அறையாகத் தடுத்து, குட்டிக் குட்டி ரயில் வண்டிகளாகத் தெரிந்தன.

சாயந்தரம் அவர் குட்டியை அருங்காட்சியக வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போனார். அது முக்காலியில் ஏறி உட்கார்ந்து, “படிச்சாச்சா?” என்றது. இவள் பட்டைத் துண்டை எடுத்து அதன் முன்னால் வைத்தாள். “இது எழுத்து இல்லடா கண்ணு. மரத்து மேல வளர்ற ஒரு உயிரு. உங்கம்மா எழுதினதா இருந்தா ஒரு எழுத்து விடாம படிச்சுச் சொல்லியிருப்பேன்.” குட்டி அழவில்லை. உற்றுப் பார்த்தது. “தெரியும். நேத்தே டீச்சர்கிட்ட கிளையைக் காட்டினேன், அவங்க சொல்லிட்டாங்க.”

“பின்ன ஏன்டா கேட்ட?”

“பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னா, சித்தின்னா பொய் சொல்வாங்கன்னு. அதான் கேட்டுப் பாத்தேன்.”

அடி கள்ளி, சொட்டு விட்டல்லவா பார்த்திருக்கிறது! அந்த மூன்றாவது வரி மட்டும் வாய் தவறி வந்திருந்தால்... குட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்து, “ஐ, ரயிலு!” என்றது, பிறகு, “இதுக்கு என்ன பேரு?”

“குடும்பம் தெரிஞ்சிடுச்சு. பேரு இன்னும் சரியாத் தெரியல.”

“பேரு தெரியாம எப்படிக் கூப்பிடுவீங்க?”

“கூப்பிட மாட்டேன். சும்மா பாத்துக்கிட்டே இருப்பேன்.”

“நானும் அப்படித்தான்,” என்றது குட்டி, நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே.

எதைச் சொல்கிறது, யாரைச் சொல்கிறது... கேட்டுவிடலாமா, வேண்டாம், சும்மா இரு மனமே என்று குட்டியின் தலையில் ஒட்டியிருந்த பட்டைத் தூளை ஊதிவிட்டாள். பூச்சிக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போனவர் நின்றார். “இதுதான் சாரோட பொண்ணா?” ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் இவள்தானே அவரிடம் அப்படிச் சொன்னது, அவரோட பொண்ணு என்று, காய்கறிக்காரியிடமும் அதேதான், தன் அம்மாவிடம் போனில் பேசும்போதும் அதேதான்... குட்டி மொட்டையாகப் பேசுகிறது, பேசுகிறது என்று இத்தனை நாள் மறுகினாளே, அவள் வாயில் மட்டும் ‘என் பொண்ணு’ என்ற வார்த்தை ஒருதரமாவது வந்திருக்கிறதா? பூச்சிக்காரர் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். குட்டியும் நுண்ணோக்கியை விட்டு நிமிர்ந்து இவளைப் பார்த்தது.